கரண்ட் போன ஞாயிறும் தேத்தண்ணிக் கடைக் கேள்விகளும்

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணி தாண்டிச் சில நிமிடங்கள். புன்னைக்குடா வீதியில் நாங்கள் வழமையாகக் குந்தும் தேத்தண்ணிக் கடையில் மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. முதலில் ஊருக்கு மட்டும்தான் என்று நினைத்தோம். பிறகு கொழும்பில் இருக்கும் மச்சானுக்கு அழைத்தால் அங்கும் இல்லை. கண்டியிலும் இல்லை. பின்னேரமாகும்போது செய்தி வந்தது: பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு நிலைமாற்றியில் பட்டதால்தான் நாடே இருண்டது என்று மின்சக்தி அமைச்சர் குமார ஜயகொடி சொல்லியிருந்தார்.

அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. அன்றிலிருந்து ஒரு கிழமைக்கு மேலாக அஸருக்குப் பிறகு கடையில் வேறு பேச்சே இல்லை. குரங்குப் பகிடிகள் இரண்டு நாளில் முடிந்துவிட்டன. அதற்குப் பிறகு வந்த கேள்விகள்தான் எங்களைப் பிடித்து உட்கார வைத்தன. வகுப்பறையில் நாற்பது நிமிடம் தொண்டை கிழியக் கத்தியும் வராத கேள்விகள், ஒரு பிளேன்ரீக்கு வந்து விழுந்தன. விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆக்கள் என்று எங்களைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். சிலவற்றுக்கு உடனே பதில் சொன்னோம். சிலவற்றுக்கு வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருந்தது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறோம்.

முதல் கேள்வி, கடை முதலாளியுடையது. "சேர், காகம் விடிய விடிய வயரிலதான் குந்தி இருக்கு. அதுக்கு ஒண்டும் ஆகல்ல. குரங்குக்கு மட்டும் ஏன் அடிச்ச?"

பழைய விடுகதைதான். காகத்தின் இரண்டு காலும் ஒரே கம்பியில் இருக்கிறது, அதனால் அடிக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஏன் அடிக்காது? கம்பியில் 100 அம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். அந்த அலுமினியக் கம்பியின் தடை ஒரு கிலோமீற்றருக்கு 0.3 ஓம் அளவு. காகத்தின் இரண்டு காலுக்கும் இடையில் 5 சென்றிமீற்றர்தான். அந்தத் துண்டின் தடையை 100ஆல் பெருக்கினால் வருவது 0.0015 வோல்ற்று. டோச் பற்றரி ஒன்றின் 1.5 வோல்ற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காகத்துக்கு அது தெரியவே தெரியாது. கம்பி 230 வோல்ற்றோ 33,000 வோல்ற்றோ, காகத்துக்குக் கணக்கு ஒன்றுதான். அதன் இரண்டு காலுக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் முக்கியம்.

"அப்ப வௌவால்?" என்றான் சைக்கிளில் சாய்ந்து நின்ற ஒரு பொடியன். அதுதான் சரியான கேள்வி. நமது வீதிகளில் கம்பிகள் ஒன்றின் கீழ் ஒன்றாகப் போகின்றன. பழந்தின்னி வௌவாலின் இறகு விரித்தால் ஒரு மீற்றரையும் தாண்டும். மாங்காய்க் காலத்தில் அது இறங்கும்போது ஒரே நேரத்தில் இரண்டு கம்பியில் பட்டுவிடுகிறது. கருகித் தொங்கும் வௌவாலை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், காகம் அப்படித் தொங்குவது அபூர்வம். குரங்கு வௌவாலிலும் மோசம். அதற்கு நீண்ட கை, நீண்ட வால். உப மின்நிலையத்தில் உயிருள்ள பகுதிக்கும் நிலத்தோடு இணைந்த இரும்புக்கும் இடையில் அது ஒரு பாலமாகிவிட்டால், ஓடுகிற மின்னோட்டம் சாதாரணமானதல்ல. குறுஞ்சுற்று. அந்தக் கணத்தில் அந்தப் பக்கத்து வோல்ற்றளவே விழுந்துவிடும்.

சரி, பாணந்துறைக்குப் போயிருக்கலாம். ஏறாவூருக்கு ஏன் போனது?

இங்கேதான் நாங்கள் திணறினோம். "சடத்துவம்", "மீடிறன்" என்று புத்தகச் சொற்களை எடுத்து விட்டோம். ஒருவருக்கும் ஏறவில்லை. மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு மூத்த காக்கா, ஒரு காலத்தில் நெல் ஆலையில் எஞ்சின் பார்த்தவர், அவர்தான் எங்களைக் காப்பாற்றினார்.

"லிஸ்டர் எஞ்சின் பாத்திருக்கியா மனே? ரெண்டு பக்கமும் பெரிய இரும்புச் சக்கரம் இரிக்கும். அது ஏன் அவ்வளவு பாரம்? பெல்ட்டில திடீரெண்டு சுமை விழுந்தாலும் எஞ்சின் நிண்டுடப்படாது. சக்கரம் தன்ர வேகத்தில இழுத்துக்கொண்டு போகும். சக்கரம் இல்லாட்டி ஒரு மூடை நெல்லுக்கே எஞ்சின் செத்துடும்."

இதைவிட நல்ல விளக்கம் எந்தப் பாடநூலிலும் இல்லை. நாடு முழுவதும் உள்ள மின்நிலையங்களின் பெரிய சுழலிகள் எல்லாம் ஒரே பெல்ட்டில் கட்டிய சக்கரங்கள் மாதிரி. செக்கனுக்கு 50 தடவை என்ற தாளத்தில் எல்லாம் ஒன்றாகச் சுற்றுகின்றன. எங்கேயாவது ஒரு அடி விழுந்தால் அந்தப் பாரமான சக்கரங்கள்தான் அதைத் தாங்கி, மற்றவை சுதாரிக்க நேரம் எடுத்துக் கொடுக்கும். அன்று ஞாயிறு. கந்தோர்கள் பூட்டு, தொழிற்சாலைகள் பூட்டு, பாவனை குறைவு. நல்ல வெயில். கூரைச் சூரியப் படல்களில் இருந்து வந்த பங்கு ஏறத்தாழப் பாதி. சூரியப் படலில் சுற்றும் சக்கரம் எதுவும் இல்லை. ஆகவே சுற்றிக்கொண்டிருந்த பாரச் சக்கரங்கள் குறைவாக இருந்தன. அடி விழுந்தது, மீடிறன் சரிந்தது, ஒன்றன்பின் ஒன்றாக நிலையங்கள் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளக் கழன்றன. மின்சார சபை பிறகு கொடுத்த விளக்கத்தின் சாரமும் இதுதான். பாவம் குரங்கு, தீக்குச்சி மட்டும்தான் அது.

இதைச் சொன்னதும் ஒரு தம்பி சூரியப் படலே கூடாது என்று ஆரம்பித்துவிட்டார். அப்படியல்ல. சக்கரத்தின் வேலையைச் செய்ய பற்றரி போன்ற வேறு ஏற்பாடுகள் உண்டு. அதற்குக் காசும் திட்டமும் வேண்டும். 2016 மார்ச் 13, 2020 ஆகஸ்ட் 17, 2021 டிசம்பர் 3, 2023 டிசம்பர் 9 என்று நாடு முழுக்க இருண்ட நாட்கள் இதற்கு முன்னும் இருந்தன. அவற்றில் எதிலும் குரங்கு இல்லை.

மூன்றாம் நாள் வந்த கேள்விதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. கேட்டவர் முச்சக்கர வண்டி ஓட்டும் ஒரு தம்பி. "சேர், கரண்ட் செய்யிற இடத்திலயும் மோட்டர், பம்ப் எல்லாம் கரண்டிலதானே ஓடுற? முழு நாட்டுலயும் கரண்ட் இல்லாட்டி, முதல் கரண்ட எப்படிச் செய்யிற?"

கடை ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டது. கோழியா முட்டையா கதை மாதிரி. ஆனால் இதற்குப் பதில் உண்டு. அந்தப் பதிலுக்குள் இந்த நாட்டின் மின்சார வரலாறே இருக்கிறது.

நுரைச்சோலை நிலக்கரி நிலையம் 900 மெகாவாற்று. நாட்டிலேயே பெரியது. ஆனால் அது தானாக எழும்பாது. நிலக்கரியை அரைக்க, காற்றை ஊத, தண்ணீரை ஏற்ற எல்லாவற்றுக்கும் வெளியில் இருந்து மின்சாரம் வேண்டும். அந்த ஞாயிறு கழன்ற நுரைச்சோலை வழமைக்கு வரப் பல நாட்கள் எடுத்ததும், அடுத்த நாட்களில் ஒன்றரை மணித்தியாலம் வீதம் மின்வெட்டு வந்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீர்மின் நிலையம் அப்படியல்ல. தண்ணீர் மேலே காத்துக்கொண்டு நிற்கிறது. கதவைத் திறக்கவும், பிறப்பாக்கியின் காந்தச் சுருளுக்கு ஆரம்ப ஓட்டம் கொடுக்கவும் ஒரு பற்றரித் தொகுதியும் சின்ன டீசல் பிறப்பாக்கியும் போதும். ஆகவே நாடு இருண்டால் முதலில் எழும்புவது மலைநாட்டின் தண்ணீர்தான். அது எழும்பி மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பும்.

அந்தத் தண்ணீரைக் கண்டுபிடித்தவரின் கதை நமது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

காலி பக்கத்தில் 1874இல் பிறந்தவர் டி. ஜே. விமலசுரேந்திர. பொதுவேலைத் திணைக்களத்தில் பொறியியலாளர். 1900களின் ஆரம்பத்தில் மஸ்கெலிய ஓயா, கெஹெல்கமு ஓயாப் பக்கம் தங்கம் இருக்கிறதா என்று பார்க்க அவரை அனுப்பினார்கள். அவர் கண்டுகொண்டது விழுகிற தண்ணீரை. அப்போது இங்கே மின்சாரம் என்றால் கொழும்புக்காரரின் ஆடம்பரம். 1882இல் கொழும்பு பிரிஸ்டல் ஹோட்டலின் பில்லியர்ட் அறையில்தான் நாட்டின் முதல் மின்விளக்கு எரிந்தது. 1895இல் பூஸ்டட் சகோதரர்கள் கோட்டையில் சின்ன மின்நிலையம் ஒன்றைத் தொடங்கினார்கள். எல்லாம் எரிபொருள் எரித்துச் செய்த மின்சாரம். விமலசுரேந்திர 1912இல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பிளக்பூலில் ஒரு சின்ன நீர்மின் நிலையம் அமைத்து, நுவரெலியாவுக்கு வெளிச்சம் கொடுத்துக் காட்டினார். 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். லக்சபான அருவிகளின் தண்ணீரை வைத்து நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கலாம் என்பதுதான் அதன் சாரம்.

அன்றைய ஆட்சியாளர்களுக்கு அது அவ்வளவு ருசிக்கவில்லை. 1924இல் வேலை தொடங்கி, சில வருடங்களில் நின்றுபோனது. அவர் விடவில்லை. 1931இல் இரத்தினபுரியில் போட்டியிட்டு அரசாங்க சபைக்கே போனார். அங்கே போயும் லக்சபானவைப் பற்றித்தான் பேசினார். கடைசியில் 1950இல் லக்சபானவின் முதற்கட்டம், 25 மெகாவாற்று, ஓடத் தொடங்கியது. கட்டுரை வாசித்து 32 வருடம் கழித்து. 1953இல் மௌத்தாகிவிட்டார். அவர் பெயரில் நோர்ட்டன் பிரிஜ்ஜில் ஒரு நிலையம் 1965இல் வந்தது.

தங்கம் தேடப் போனவர் என்று சொன்னபோது கடையில் ஒருவர் கேட்டார், "தங்கம் கிடைச்சிருந்தா?" கிடைத்திருந்தால் நாம் இன்னும் சில வருடம் அரிக்கன் லாம்போடு இருந்திருப்போம் போல.

நமது பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. அப்போது அம்பாறை தனி மாவட்டமல்ல, மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதி, பிரிந்தது 1961இல். இங்கினியாகலையில் அணை கட்டி சேனநாயக்க சமுத்திரத்தை உண்டாக்கினார்கள். அணையடியில் ஒரு நீர்மின் நிலையமும் வந்தது, சுமார் 11 மெகாவாற்று. இன்றைக்கு நுரைச்சோலையோடு வைத்துப் பார்த்தால் தூசு. ஆனாலும் வயலுக்குப் போகும் தண்ணீரே போகிற வழியில் மின்சாரமும் தந்துவிட்டுப் போகிறது. ஒரு தண்ணீருக்கு இரண்டு வேலை. இலங்கை மின்சார சபை உருவானது அதற்கும் பிறகு, 1969 நவம்பர் 1இல்.

கம்பம் வந்தது, வந்தது நிற்கவில்லை. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி. தென்னை விழுந்த இடமெல்லாம் கம்பியும் விழுந்தது. அந்த இரவைப் பற்றி எங்கள் மூத்தம்மா சொல்லும்போது இன்றைக்கும் குரல் மாறும். பிறகு யுத்தம். 1990 ஆகஸ்ட் இரவைப் பற்றி எழுத இது இடமல்ல; எழுதக் கை வருவதுமில்லை. ஆனால் அந்த வருடத்துக்குப் பிறகு இந்த ஊரில் கரண்ட் போனால் எங்கள் உம்மா முதலில் பார்ப்பது விளக்கையல்ல, கதவுக் கொண்டியை. முப்பது வயது தாண்டிய எங்களில் பலர் குப்பி விளக்கில் படித்தவர்கள். புத்தகத்தில் ஓமின் விதி, மூக்கில் மண்ணெண்ணெய்க் கரி. 2022இல் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது எங்கள் பிள்ளைகள் அழுதார்கள். உம்மாமார் சத்தமில்லாமல் எழும்பிக் கதவைப் பூட்டிவிட்டு வந்து குந்தினார்கள்.

இனி ஒரு விடுகதை. கல்விக் கல்லூரியில் நாங்கள் படிக்கும்போது ஒரு விரிவுரையாளர் போட்டது. ஒரு பூட்டிய அறைக்குள் ஒரு மின்குமிழ். வெளியே மூன்று ஆளிகள். அவற்றில் ஒன்றுதான் அந்தக் குமிழுக்கு. அறைக்குள் ஒரே ஒரு தடவைதான் போகலாம். எந்த ஆளி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலாவதைப் போட்டுச் சில நிமிடம் விட்டு நிறுத்து, இரண்டாவதைப் போட்டுவிட்டு உள்ளே போ. எரிந்தால் இரண்டாவது. எரியாமல் சூடாக இருந்தால் முதலாவது. எரியவுமில்லை, சூடுமில்லை என்றால் மூன்றாவது. அந்தக் காலத்தில் இதைக் கேட்டுப் புல்லரித்துப் போனோம்.

போன வருடம் இதை ஒன்பதாம் ஆண்டில் பெருமையாகப் போட்டோம். கடைசி வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "சேர், எங்கட வீட்டு பல்ப் சுடாதே" என்றாள்.

வகுப்பு சிரித்தது. நாங்கள் சிரிக்கவில்லை. அவள் சொன்னது முழுக்கச் சரி. அந்த விடுகதை இழைக் குமிழின் காலத்தில் பிறந்தது. இழைக் குமிழ் உண்மையில் ஒரு அடுப்பு. போகிற சக்தியில் நூற்றுக்கு ஐந்து அளவுதான் வெளிச்சம், மிச்சம் எல்லாம் சூடு. எல்.ஈ.டி. குமிழ் மேலே தொட்டால் அவ்வளவாகச் சுடாது, கழுத்துப் பக்கம்தான் இளஞ்சூடு. ஆகவே இன்றைய பிள்ளை குமிழின் கழுத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும், அதுவும் கொஞ்சக் கூடுதலான நேரம் எரிய விட்டு. சில மலிவான குமிழ்கள் நிறுத்திய பிறகும் இலேசாக மினுங்கும். அது வேறு ஒரு துப்பு. விடுகதைக்கும் வயசு போகிறது என்பதை அந்தப் பிள்ளைதான் எங்களுக்குச் சொல்லித் தந்தாள்.

மீன் பிடிக்கும் ஒரு காக்கா கேட்டார், கரண்ட் அடிக்கிற மீன் உண்மையா என்று. உண்மைதான். எகிப்தைப் பற்றி எழுதிய அப்துல் லதீஃப் அல் பக்தாதி 800 வருடங்களுக்கு முன்பே நைல் நதி மீன் ஒன்றைச் சொல்லியிருக்கிறார், தொட்டால் கை விறைக்கும் என்று. அரபியில் அதன் பெயரே இடியோடு சேர்ந்தது. மனிதன் முதலில் கரண்டைத் தெரிந்துகொண்டது கம்பியால் அல்ல, மீனால்தான். வாவிப் பாடுமீனைப் பற்றிக் கேட்டவருக்கு இன்னொரு நாள் எழுதுகிறோம்.

இவ்வளவும் எழுதக் காரணம் வேறு. அந்தப் பேச்சுகளுக்கு நடுவில் கடை முதலாளி தேத்தண்ணிக்குத் தண்ணீர் சுட வைக்க கெட்டில் பிளக்கைப் போட்டார். இரண்டு கால் பிளக். சதுரத் துவாரக் குதை. பேனை ஒன்றை எடுத்து மேல் துவாரத்தில் குத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் கீழே தள்ளினார். காகம், வௌவால், சடத்துவம் எல்லாம் பேசிக்கொண்டிருந்த நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒருவருக்கும் அது ஒரு விசயமாகப் படவில்லை. நாங்களும் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம்.

அன்று வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது. அந்த மேல் துவாரம் எர்த்துக்கானது. மூன்று கால் பிளக்கில் எர்த்துக் கால் மற்றவற்றை விட நீளம். ஏன் என்பதும் ஒரு விடுகதைதான்: அது முதலில் உள்ளே போய் எர்த்தை இணைத்து, பிறகுதான் உயிருள்ள துவாரங்களின் மூடியைத் திறக்கும். கழற்றும்போது கடைசியாக வெளியே வரும். ஒரு நொடி கூடப் பாதுகாப்பு இல்லாமல் விடக் கூடாது என்று யாரோ யோசித்துச் செய்த பூட்டு அது. நாம் பேனையால் அந்தப் பூட்டை உடைக்கிறோம்.

அடுத்த நாள் எட்டாம் ஆண்டில் கேட்டோம், யார் யார் பேனை குத்திப் பிளக் போட்டிருக்கிறீர்கள் என்று. ஏறத்தாழ முழு வகுப்பும் கையைத் தூக்கியது. ஒருவன், பேனை இல்லாவிட்டால் இஸ்க்ரூ டிரைவர் என்றான். இரும்பு.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை தண்ணீர் மோட்டரில் மௌத்தானது பலருக்கு நினைவிருக்கும். மழை நாள், ஈர முற்றம், வெறுங்கால். மோட்டரின் எர்த்து வயரை யாரோ வெட்டி விட்டிருந்தார்கள், பிளக்கில் இடமில்லை என்று. அந்த ஜனாஸாவில் எல்லோரும் கத்ரைப் பற்றிப் பேசினார்கள். அது சரிதான். வயரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை, விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டே.

கணக்கு இதுதான். காய்ந்த தோலுக்குத் தடை அதிகம். ஈரத் தோலுக்கு ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230ஐ 1000ஆல் பிரித்தால் 230 மில்லி அம்பியர். இதயத்தைக் குழப்ப அதில் நாலில் ஒரு பங்கே போதும். வுழூச் செய்த ஈரக் கையோடு மோட்டர் ஆளியைத் தட்டும் நாம் எல்லோரும் இந்தக் கணக்குக்குள் நிற்கிறோம். பிரதானப் பலகையில் இருக்கும் ட்ரிப் சுவிட்ச், போகிற மின்னோட்டத்தையும் திரும்பி வருகிற மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி அம்பியர் குறைந்தால், அது எங்கேயோ ஒரு உடம்பு வழியாக நிலத்துக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு கண் மூடித் திறக்குமுன் வெட்டிவிடும். அதில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு, சோதிப்பதற்கு. மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். வெட்டவில்லை என்றால் அது செத்துப்போய்க் கிடக்கிறது என்று அர்த்தம். நாங்கள் இந்தப் பதிவை எழுத முன் எங்கள் வீட்டில் அழுத்திப் பார்த்தோம். வெட்டவில்லை. எத்தனை வருடமாக அப்படி இருந்ததோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நேற்று வயரிங் செய்யும் தம்பி வந்து மாற்றிவிட்டுப் போனார்.

கடை முதலாளியிடமும் சொன்னோம். "பத்து வருசமா இப்படித்தான் போடுறன் சேர், ஒண்டும் ஆகல்ல" என்றார். காகமும் அப்படித்தான் சொல்லும் காக்கா என்றோம். சிரித்தார். நாளை அஸருக்குப் பிறகு டெஸ்டரும் ஒரு மூன்று கால் பிளக்கும் கொண்டு போகிறோம், அந்தக் கெட்டிலுக்கு மாற்றிப் போட.